எழுபது டிகிரி தாங்காத மனிதர்

உலகத்தில் சூடு தணிப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. காப்பியை ஆற்றிக் கொடுப்பவர்களைச் சொல்லவில்லை, அவர்கள் புண்ணியவான்கள். நான் சொல்வது, மடிக்கணினியைத் திறந்து வைத்த மறு நிமிடமே அதன் அடிவயிற்றில் புறங்கையை வைத்துப் பார்த்து, ‘ஐயையோ, கொதிக்குதே!’ என்று பதறி, என்ன வேலைக்காகத் திறந்தோம் என்பதையே மறந்து, அடுத்த மூன்று வாரங்களை அதன் காய்ச்சலை இறக்குவதிலேயே கழிக்கும் ஆண்களை. பெண்களில் இல்லையா என்று கேட்காதீர்கள். இருக்கலாம். நான் பார்த்ததில்லை.

பனிநாட்டு நகரமான எங்கள் குவோபியோவில் கட்டடத்துக்கு ஒருவராவது தேறுவார். எங்களுக்கு வாய்த்தவர் மூன்றாம் மாடி எஸ்கோ. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். தங்கமான மனுஷன். வாரம் இரண்டு முறை சவுனா என்ற ஆவிக்குளியல் அறையில், தொண்ணூறு டிகிரிச் சூட்டில், பிறந்தமேனியாக உட்கார்ந்துகொண்டு, ‘இன்னும் ஒரு கரண்டி தண்ணி ஊத்துப்பா, சூடே ஏறல’ என்று சலித்துக்கொள்பவர், கணினி எழுபதைத் தொட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். ஒருநாள் கேட்டேவிட்டேன். ‘எனக்கு வேர்க்கும். அதுக்கு எங்கய்யா வேர்க்கும்?’ என்றார்.

இந்த இனத்தில் முக்கால்வாசிப் பேர் லினக்ஸ்காரர்கள். லினக்ஸ் என்ற கணினி இயங்குதளம் இலவசம்தான், பதிலுக்கு நம் சனிக்கிழமைகளை மட்டும் எடுத்துக்கொள்ளும். திரையின் மூலையில் வெப்பநிலை எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் இவர்களுக்கு. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து திடீரென்று ‘அறுபத்திரண்டு’ என்பார் எஸ்கோ. உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே ‘யாருக்கு?’ என்பாள் அவர் மனைவி ஹில்க்கா. அவள் பல் மருத்துவமனையில் பற்களைச் சுத்தம் செய்பவள், பொறுமைக்குக் குறைவில்லாதவள். அவள் ரொட்டி ஆறவைக்கும் கம்பித்தட்டு ஒருநாள் காணாமல் போயிற்று. கணினியின் அடியில் கிடைத்தது. பிப்ரவரியில் அந்தக் கணினி பால்கனியில் பனிக்கு நடுவே கம்பளித் துண்டின்மேல் தவமிருந்தது. பிறகு உறையவைத்த புளூபெர்ரிப் பழம் நிறைந்த பை ஒன்றை அதற்கு அடியில் மெத்தையாகப் போட்டார். பழம் உருகியது. மேசைவிரிப்பு ஊதா நிறமாயிற்று. ஹில்க்கா விரிப்பைச் சுருட்டித் துவைக்கப் போட்டாள்.

மார்ச்சில் குற்றவாளி பிடிபட்டது. அந்தக் கணினிக்குள் படம் காட்டும் வேலைக்கு இரண்டு பேர் இருக்கிறார்களாம். ஒன்று சின்னது, பரம சாது; எழுதப் படிக்க அதுவே போதும். இன்னொன்று தனி கிராஃபிக்ஸ் கார்டு. பெரியது, முரட்டுத்தனமானது, கணினியில் போர் புரியும் இளைஞர்களுக்கானது. எஸ்கோ வாழ்நாளில் புரிந்த ஒரே போர் சீட்டாட்டம், அதுவும் தனியாக.

‘தண்டமா உக்காந்துக்கிட்டுச் சூடு மட்டும் கெளப்புது,’ என்றார் என்னிடம், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த பெருமிதத்தோடு. ‘யாரும் உபயோகிக்கல. மூடிட வேண்டியதுதான்.’

இரண்டு சனிக்கிழமைகள் கறுப்பு ஜன்னலில் வெள்ளை எழுத்துகளைத் தட்டினார். பெரிய கார்டுக்கு மின்சாரத்தை நிறுத்தினார். கணினியை அணைத்துப் போட்டாலும் அது எழுந்துவிடக் கூடாது என்று ஏற்பாடு செய்தார். அதோடு விட்டாரா? அதை இயக்கும் மென்பொருளையும் வேரோடு பிடுங்கி எறிந்தார். கணினி நாற்பத்தொன்றுக்கு இறங்கியது. படிக்கட்டில் போய்க்கொண்டிருந்த என்னை உள்ளே இழுத்துக் கை வைக்கச் சொன்னார். வைத்தேன். செத்த மீன் மாதிரி ஜில்லென்று இருந்தது. பாராட்டினேன். பக்கத்து வீட்டுக்காரன் வேறென்ன செய்ய முடியும்?

இங்கேதான் ஏப்ரல் மாதம் வருகிறது. எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டமும் வருகிறது. கட்டடத்தின் பொதுச் சவுனாவை இடித்துவிட்டு சைக்கிள் நிறுத்துமிடம் ஆக்கலாம் என்று சங்கத் தலைவர் ஆர்வோ ஒரு தீர்மானம் வைத்திருந்தார். ஹில்க்கா கொதித்துப் போனாள். வெள்ளிக்கிழமை ஆறிலிருந்து ஏழு வரை அங்கே பெண்கள் முறை. வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும் அவள், தன் வாயைத் திறப்பது அந்த ஒரு மணி நேரம்தான். அதை விட்டுக்கொடுப்பாளா? மூன்று வாரம் உட்கார்ந்து, யார் யார் எப்போது வருகிறார்கள், வரமுடியாமல் போனால் யார் யாரைத் தேடிப் போய்க் கதவைத் தட்டினார்கள் என்பதையெல்லாம் படங்களோடு இருபத்து மூன்று பக்கமாகத் தயாரித்தாள். எதில்? வீட்டில் இருந்த ஒரே கணினியில்.

கூட்டம் அடித்தள அறையில். குண்டு விழுந்தாலும் தாங்கும் சுவர்கள். கைப்பேசிக்கு ஒரு கோடு சிக்னல்கூட எட்டாது. காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் முடிந்ததும் ஆர்வோ எழுந்தார்.

‘போன வருஷம் பூராக் கவனிச்சேன். பாதி நேரம் காலி. ஆளில்லாத ரூமுக்கு எதுக்குச் சூடு? தண்டமா இருந்துக்கிட்டுச் சூடு மட்டும் கெளப்புது. யாரும் உபயோகிக்கல. மூடிட வேண்டியதுதான்.’

எதேச்சையாக எஸ்கோவைப் பார்த்தேன். பழக்க தோஷம், மனுஷன் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஹில்க்காவும் பார்த்துவிட்டாள்.

அவள் முன்னால் போய், புரொஜெக்டரின் கம்பியைக் கணினியில் செருகினாள். சுவரில் ஒரு நீலக் கட்டம். ‘சிக்னல் இல்லை’ என்ற எழுத்து. பிடுங்கிச் செருகினாள். அதே நீலம். எஸ்கோவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. எழுந்து முன்னால் ஓடினார்.

‘என்ன ஆச்சு?’ என்றாள் ஹில்க்கா.

‘ஒண்ணுமில்ல... வெளியில படம் போற வழி, அந்தப் பெரிய கார்டு வழியாப் போகுது போல.’

‘போல?’

‘வழியாத்தான் போகுது.’

‘சரி, அதைத் திருப்பி எழுப்பு.’

‘எழுப்பலாம். ஆனா மென்பொருளை நெட்லேருந்து இறக்கணும். இங்க நெட் இல்லியே.’

‘இது உனக்குத் தெரியாதா?’

‘இப்பத்தான் தெரியும்.’

‘இப்ப எத்தனை டிகிரி?’

‘முப்பத்தெட்டு,’ என்றார் எஸ்கோ. அந்த நேரத்திலும் குரலில் இருந்த லேசான பெருமையை அவரால் மறைக்க முடியவில்லை.

ஆர்வோ தொண்டையைக் கனைத்தார். ‘அப்ப ஓட்டுக்கு விட்டுடலாமா?’

‘இருங்க, ஆர்வோ,’ என்றாள் ஹில்க்கா. கணினியை மூடி, முன்வரிசையில் இருந்தவர் மடியில் வைத்தாள். ‘தொட்டுப் பாத்துட்டு அடுத்தவங்ககிட்டக் குடுங்க. ஜில்லுன்னு இருக்கா? நல்லாத் தொடுங்க. அதுக்குள்ள ஒண்ணு தண்டமா உக்காந்துக்கிட்டுச் சூடு மட்டும் கெளப்புதுன்னு எங்க வீட்டு எஸ்கோ சொன்னாரு. யாரும் உபயோகிக்கல, மூடிடலாம்னாரு. மூடினாரு. அது என்ன வேலை பாத்துக்கிட்டு இருந்துச்சுன்னு அவருக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் தெரிஞ்சுது. ஆர்வோ, நீங்களும் அச்சு அசலா அதே வார்த்தையச் சொன்னீங்க. எங்கிட்ட இருபத்து மூணு பக்கத்துக்குப் படம் இருந்துச்சு. இப்ப இருக்கறது அது ஒண்ணுதான்.’ நீலச் சுவரைக் காட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

கணினி மடி மடியாக நகர்ந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையில் இருந்த என்னிடம் வந்தது. என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: சைக்கிளுக்கு இடம் கிடைக்குமே என்று ஆர்வோவின் தீர்மானத்தில் நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. ஓட்டெடுப்பில் சவுனா பிழைத்தது. முதலில் உயர்ந்த கை எஸ்கோவுடையது. தூக்காமல் வீட்டுக்குப் போக முடியுமா?

மறுநாளே அவர் பெரிய கார்டை எழுப்பிவிட்டார். கணினி மறுபடி எழுபதில் நிற்கிறது. மூலையில் ஓடும் எண்ணின்மேல் ஹில்க்கா ஒரு சின்னக் காகிதத்தை ஒட்டிவைத்திருக்கிறாள். எஸ்கோ இப்போதெல்லாம் குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் அடிக்கடி போய் நிற்பதாகக் கேள்வி.

நல்லவேளை, நாம் இந்த இனமில்லை என்று சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். இருக்கட்டும். ஆபீசில் ‘இந்த ஆள் என்னதான் செய்கிறார்?’ என்று யாரையோ பார்த்து நீங்கள் யோசித்ததே இல்லை, வீட்டில் எதையும் தண்டம் என்று ஓரங்கட்டியதும் இல்லை, நம்புகிறேன். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கைப்பேசியின் முதுகை ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்தீர்களே, அது எதற்கு?

சூடாகத்தான் இருக்கும். கையை எடுங்கள்.