பின்னால் தெரிந்த பெருந்தேர்

கார்த்திகை பதினெட்டு. இன்று ஒரு சிறு பிழை. மாலை அறிக்கையில் "பெருந்தேர் நமக்குப் பின்னால் வருகிறது" என்று எழுதியவன், "அடுத்த சுற்றில்" என்பதைச் சேர்க்க மறந்துவிட்டேன். வகுப்புக்கு நேரமாகிவிட்ட அவசரம். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நாளை திருத்த வேண்டும்.

இப்படி எழுதி வைத்துவிட்டு அரியநாதன் நிம்மதியாகத் தூங்கிப்போனான். அவனுடைய அறிக்கை தூங்கவில்லை. அது தேரின் அடுக்குகளில் ஒவ்வொன்றாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

அந்த உலகத்தின் நடுவில் ஒரு மலை இருந்தது. மலையைச் சுற்றி ஒரு பாதை. பாதையில் நாட்டுக்கு ஒரு தேர். அரசரும் அமைச்சர்களும் தேரின் மேலே இருந்தார்கள். குடிமக்கள் கீழே வடம் பிடித்தார்கள். தேர் நகர நகர, மக்களும் கூரையையும் கதவையும் பெயர்த்துக்கொண்டு கூடவே நகர்ந்தார்கள். வழியில் சந்தைகள் வரும். எந்தத் தேர் முதலில் போய்ச் சேர்கிறதோ அந்த நாட்டுக்குத்தான் முதல் பேரம். மிச்சம் மீதி மற்றவர்களுக்கு.

எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தது பெருந்தேர்நாடு. அதை முந்தியே தீர்வது என்று சபதம் எடுத்திருந்தது வளர்தேர்நாடு. அரியநாதன் இந்த வளர்தேர்நாட்டின் வேகத்துறையில் இளநிலை அளவர். மாலை மங்குமுன் உச்சி அடுக்கில் ஏறி, தேர் எவ்வளவு நகர்ந்தது, மற்ற தேர்கள் எங்கே தெரிகின்றன என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நில அளவை வகுப்புக்கு ஓடுவான்.

வேகத்துறையின் கணக்கு முறை அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிபடவில்லை. தேர் ஒரு நாள் ஒரு முழம் நகரும்; மறுநாள் இரண்டு முழம். உடனே முரசு முழங்கும்: "வளர்ச்சி இரண்டு மடங்கு!" பெருந்தேர் அதே நாளில் மலையின் ஒரு முகத்தையே கடந்திருக்கும். ஆனால் முந்தின நாளும் அவ்வளவுதான் கடந்தது என்பதால் அதன் வளர்ச்சி பூஜ்யம் என்று பதிவாகும்.

"தூரத்தைப் பார்ப்பவன் கிழவன். வளர்ச்சியைப் பார்ப்பவன் இளைஞன். நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டார் வேகத்துறை அமைச்சர் வாகைமார்பர்.

அரியநாதன் இளைஞன் பக்கம் என்று சொல்லிவிட்டு வந்தான். நமக்குத்தான் கணக்கு மட்டு என்று நினைத்துக்கொண்டான். எங்கே தவறு தெரிந்தாலும் முதலில் தன்னையே சந்தேகப்படுவது அவன் வழக்கம்.

பிறகு ஆணைகள் வந்தன. முதலாவது ஆணைப்படி, வீட்டுக்கு ஒரு கதவு தேருக்குக் கொடுக்க வேண்டும். கதவுகளைக் கொண்டு தேர்மேல் புதிய அடுக்குகள் எழுந்தன. உயரமான தேர் தொலைவிலிருந்தே தெரியும். தெரிந்தால் உலகம் மதிக்கும். உயரம் கூடக் கூட பாரம் கூடியது. இழுப்பவர்கள் திணறினார்கள். இதை ஆராய்ந்த குழு, வயிறு நிறைந்தவன் மந்தமாக இழுக்கிறான் என்று கண்டுபிடித்தது. கஞ்சி பாதியானது. சிலர் வடத்தை விட்டு நழுவினார்கள். உடனே முன்வரிசையில் இழுப்பவர்களுக்குப் பெருமைப்பட்டை என்று ஒன்று வழங்கப்பட்டது. இடுப்பில் கட்டி, வடத்தோடு சேர்த்து முடிச்சுப் போடும் பட்டை அது.

முன்வரிசையில் இருந்தவர்களில் ஒருத்தி சிவந்தி, அரியநாதனின் அக்கா. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவனுக்குச் சோறு போட்டு, மாலை வகுப்புக்கும் அனுப்புகிறவள்.

"பெருமையா இருக்காக்கா?" என்று கேட்டான்.

"அரிக்குதுடா. சொறியக் கை எட்டல. அந்த முதுகுப் பக்கம் கொஞ்சம் பெருமையத் தளத்தி விடு" என்றாள் அவள்.

கடைசியாக வந்த ஆணை கட்டைகளைப் பற்றியது. இறக்கத்தில் தேர் தறிகெட்டு ஓடாமல் சக்கரத்தடியில் புளியங்கட்டையைச் செருகி நிறுத்துவதற்கென்று ஆட்கள் இருந்தார்கள். தேரின் வேகத்தைக் குறைப்பதற்கே சம்பளம் வாங்கும் ஆட்களை ஒரு வளரும் நாடு எப்படிப் பொறுத்துக்கொள்ளும் என்று அமைச்சரவை வியந்தது. கட்டைக்காரர்கள் வடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். கட்டைகள் மேல் அடுக்கு விருந்தொன்றுக்காக அடுப்பில் எரிந்தன.

பத்தொன்பதாம் தேதி காலை அரியநாதனை வாகைமார்பர் கூப்பிட்டனுப்பினார். அரசர் முந்துமுடியாரும் அங்கே இருந்தார். அறிக்கை அவர் மடியில் இருந்தது.

"இதை எழுதியது நீதானா?" என்று கேட்டார் அமைச்சர்.

"ஆமாம் ஐயா. ஆனால் அதில் ஒரு சிறு பிழை..."

"பெருந்தேர் நமக்குப் பின்னால் தெரிகிறதா, இல்லையா?"

"தெரிகிறதுதான் ஐயா. பாதை வட்டமாக இருப்பதால், அது சுற்றி வந்து..."

"பாதை வட்டம் என்று எந்த அரசாணையில் இருக்கிறது?"

அரியநாதன் யோசித்துப் பார்த்தான். எதிலும் இல்லை. எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் எழுதி வைக்கவில்லை.

அரசர் தாடையைத் தடவினார். "முந்தியதெல்லாம் சரி அமைச்சரே. எப்போது முந்தினோம்? நான் பார்க்கவில்லையே."

"தாங்கள் துயிலும்போது, மன்னா. மன்னர் துயிலும்போதும் வளர்கிற நாடு உலகில் வேறு எது?"

அரசருக்குக் கண் கலங்கியது. பாதை நேரானது என்று அப்போதே ஆணை பிறந்தது. மாலை வகுப்பின் பாடத்திலிருந்து வட்டம் நீக்கப்பட்டது. இந்த வெற்றியை முதலில் கண்டவன் என்பதற்காக அரியநாதனுக்குப் புளியமரத்தில் செய்த கனத்த நாற்காலி ஒன்று பரிசாகக் கிடைத்தது. மறுநாள் தேர் தெற்கு இறக்கத்தில் இறங்கும். அன்று காணப்போகும் வளர்ச்சியை அதில் அமர்ந்து அவன் அளக்க வேண்டும்.

"இறக்கத்தில் தேரைப் பிடிக்க ஆள்..." என்று இழுத்தான்.

"வளர்ச்சியைப் பிடித்து நிறுத்தப் போகிறாயா?" என்று சிரித்தார் வாகைமார்பர். சபையும் சிரித்தது. ஒரு கணம் அரியநாதனும் சேர்ந்து சிரித்தான். பிறகுதான், சிரித்த யாருமே வடத்தில் இல்லை என்பது அவனுக்குப் பட்டது.

பிற்பகலில் பெருந்தேர் நெருங்கி வந்தது. அதன் முன்னால் வந்தவர்கள் "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்தினார்கள். தோற்றவர்கள் நம்மைக் காத்திருக்கும்படி கெஞ்சுகிறார்கள் என்று முரசறைந்தது வேகத்துறை. மக்கள் கைதட்டினார்கள். வெற்றி பெற்றவர்களின் பெருந்தன்மை என்று சொல்லித் தேரைப் பாதையோரமாக ஒதுக்கவும் செய்தார்கள்.

பெருந்தேரின் வடத்தில் முன்னால் நின்று இழுத்தவனைப் பார்த்து அரியநாதன் திகைத்தான். மொக்கையன்! அடுத்த தெருக்காரன். கஞ்சி பாதியான மாதம் காணாமல் போனவன். அவனுக்குப் பின்னால் இன்னும் சில தெரிந்த முகங்கள்.

"என்னடா அரியநாதா, இன்னும் இதே புளியந்தோப்புலதான் நிக்கிறீங்களா? நான் போன தடவ சுத்தி வந்தப்பவும் இங்கதான இருந்தீங்க" என்றான் மொக்கையன், மூச்சு வாங்க.

"நாங்க உங்கள முந்திட்டோமாம்ணே."

மொக்கையன் சிரிப்பில் வடத்தை விடப் பார்த்தான். "அப்ப சந்தோசமா இருங்க. இங்கயும் ஒண்ணும் வாழலடா. கஞ்சி முழுசா ஊத்துறான், ஆனா மேல ஏறிப் பாக்க விட மாட்டான். யார் தேர இழுத்தாலும் தோள் நம்ம தோள்தான்." பிறகு அவன் சக்கரங்களைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. "ஆமா, உங்க கட்டைக்காரங்க எங்க? முன்னால இறக்கம் கெடக்குதே. இம்புட்டு ஒசரத்த ஏத்தி வச்சிக்கிட்டு எப்படிடா எறக்குவீங்க? முன்னால நிக்கிறவன் கூழாப் போயிருவான்."

பதில் சொல்வதற்குள் பெருந்தேர் அவர்களைக் கடந்து போய்விட்டது. அதன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டைகளைத் தோளில் சுமந்து ஆட்கள் நடந்தார்கள். வேகத்துறை மீண்டும் முரசறைந்தது: நம்மைத் தொடர முடியாமல் பெருந்தேர் வேறு பக்கம் ஓடிவிட்டதாம்.

அரியநாதன் அன்று வகுப்புக்குப் போகவில்லை. அளவுகோலை எடுத்துக்கொண்டு இறக்கம் தொடங்கும் இடத்துக்கு நடந்தான். சாய்வை அளந்தான். தவறாக அளந்திருப்போம் என்று திரும்ப அளந்தான். பிறகு ஒரு கல்லை உருட்டிவிட்டான். அது வேகம் வளர்ந்துகொண்டே போய்ப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது.

திரும்பி வரும்போது அக்காவுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நாற்காலியை ஆட்கள் கொண்டுவந்து அவள் பக்கத்தில் இறக்கியிருந்தார்கள்.

"உனக்குத்தானாமே? ஊர்ல இருந்த புளியங்கட்டையெல்லாம் எரிச்சுத் தின்னுட்டு உனக்கு மட்டும் நாற்காலி செஞ்சிருக்கான் பாரு" என்றாள் சிவந்தி. அதன் காலைத் தட்டிப் பார்த்தாள். "தொடை பருமன் இருக்குடா. இதுல ஏறி உக்காந்து அக்கா ஓடுற அழகப் பாரு நாளைக்கு."

அவள் கேலியாகத்தான் சொன்னாள். அவனால் சிரிக்க முடியவில்லை. நாற்காலியின் காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, அந்தத் தச்சர் வீட்டுல ரம்பம் இருக்குமா?"

"இருக்கும். எதுக்குடா?"

கார்த்திகை பத்தொன்பது. நேற்றைய பிழையைத் திருத்த முடியவில்லை. அதற்குள் அது அரசாணையாகிவிட்டது. இன்று சாய்வை நான் தவறாக அளந்திருக்கவும் கூடும். அப்படியானால் ஒரு நாற்காலியும் என் வேலையும்தான் போகும். நாளை, தேர் கிளம்புமுன்: அக்காவின் முடிச்சையும் மற்றவர்கள் முடிச்சையும் தளர்த்த வேண்டும். நாற்காலியின் நான்கு கால்களையும் அறுத்து, சக்கரத்துக்கு ஒன்றாக வைக்க வேண்டும்.