எடிசன் எதிர்க்கட்சியும் ஒரு குடம் கடலையும்

உலகத்திலேயே எதற்கும் முதல் தடவையில் 'சரி' சொல்லாத மனிதர் ஒருவர்தான். அவர் நியூஜெர்சி எடிசனில், எங்கள் அபார்ட்மென்டின் எதிர் பிளாக்கில் குடியிருந்தார். பெற்றவர்கள் வைத்த நல்ல பெயர் ஒன்று அவருக்கு உண்டு. தபால்காரரைத் தவிர யாரும் அதை உபயோகித்ததாக எனக்கு நினைவில்லை. எங்கள் எல்லோருக்கும் அவர் 'எதிர்க்கட்சி'. வீட்டில் மட்டும் அவர் பேச்சு எடுபடாது என்பதால் அவர் மனைவிக்கு 'ஆளுங்கட்சி' என்று பெயர் வைத்திருந்தோம்.

"காபி சாப்பிடறீங்களா சார்?" என்று கேட்டுவிட்டால் போச்சு.

"டீ வேணுமான்னு ஏன் கேக்கல? ஒரே ஒரு ஆப்ஷன் குடுத்தா அதுக்குப் பேர் சாய்ஸ் இல்லம்மா, ஆர்டர்."

சரி, டீ போடுகிறேன் என்றால், "இல்ல, காபியே குடுங்க" என்பார்.

காலையில் மன்ஹாட்டன் ரயிலுக்கு நிற்கும்போது என் வீட்டுக்காரர் அவரிடம் மாட்டிக்கொள்வார். தொண்ணூறுகளின் கடைசி அது. ஊரே ஒய்-டூ-கே, இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடும் என்று பேசிக்கொண்டிருக்க, இவர் மட்டும் முடியப்போகிற நூற்றாண்டுக்குக் கருமாதி நடத்திக்கொண்டிருந்தார்.

"இந்த நூறு வருஷத்துல எத்தனை நாட்டுல ஜனநாயகம் கவுந்திருக்கு தெரியுமா சார்? டாங்க் வந்து கவுத்ததைச் சொல்லல. சபையில உக்காந்து, கையைத் தூக்கி, அவங்களே கவுத்துக்கிட்டதைச் சொல்றேன். ஜெர்மனில பார்லிமென்ட்டே ஓட்டு போட்டு அதிகாரத்தைத் தூக்கிக் குடுத்துச்சு! நம்ம ஊர் எழுபத்தஞ்சு நெருக்கடி நிலையை எடுத்துக்கங்க. நான் காலேஜ்ல இருந்தேன். ஒரு நாள் பேப்பர்ல தலையங்கம் வர்ற இடம் வெள்ளையா இருந்துச்சு. எங்கப்பா அந்த வெள்ளையை ரொம்ப நேரம் படிச்சிட்டு இருந்தாரு."

என் வீட்டுக்காரர் ரயிலேறியதும் வேறு பெட்டிக்கு ஓடிவிடுவார்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் அப்போது குடும்பத்துக்கு ஒரு ஓட்டு. குடும்பம் என்றால் கணவர் என்று அர்த்தம். சாம்பார் வைப்பது, கோலம் போடுவது, குழந்தைகளை டான்ஸுக்குத் தயார் செய்வது எல்லாம் நாங்கள். பொதுக்குழுவில் கை தூக்குவது மட்டும் அவர்கள். ஒரு பொங்கல் விழாவில் எதிர்க்கட்சி எழுந்து, "இருநூறு பேருக்கு சமைக்கத் தெரிஞ்சவங்களுக்கு ஒரு கையைத் தூக்கத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டார். தலைவர் பெரிதாகச் சிரித்தார். "குடுத்துட்டா போச்சு. லேடீஸ் எப்பவும் நம்ம பக்கம்தானே?" என்றார். அன்று எங்களுக்கு ஓட்டு வந்தது. அடுப்படியில் இருந்த எங்களிடம் யாரும் வந்து சொல்லக்கூட இல்லை. அப்பளம் வாங்க வந்த எதிர்க்கட்சிதான் சொன்னார்.

தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மோசமான மனிதர் இல்லை. புதிதாக வருகிறவர்களை விமான நிலையத்துக்கே போய் அழைத்து வருவார். முதல் வாரத்துக்கு அரிசி, பருப்பு அவர் வீட்டிலிருந்து வந்துவிடும். ஒரே சங்கடம், அவர் ஒரு கன்சல்டிங் கம்பெனி வைத்திருந்தார், எதிர்க்கட்சி உட்படச் சங்கத்தில் பாதிப் பேர் அதில்தான் வேலை பார்த்தோம். எங்கள் கிரீன் கார்டு பேப்பரில் அவர் கையெழுத்து வேண்டும். அதனால் அவர் எதைச் சொன்னாலும் ஏகமனதாக நிறைவேறும். 'ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்' என்று சொல்லிவிட்டு அவர் ஒரு சுற்றுப் பார்ப்பார் பாருங்கள், அந்தப் பார்வைக்குச் சுளுக்கு விழுந்த தோள்கூட உயரும்.

அந்த வருடம் நவராத்திரி விழா, ஒரு பள்ளிக்கூட கேஃபடீரியாவில். சுண்டல் தயாராகிக்கொண்டிருந்தபோது தலைவர் மைக்கைப் பிடித்தார். அடுத்த வருடம் இந்த ஹால் கிடைக்குமோ கிடைக்காதோ, சங்கத்துக்கு நெருக்கடியான நேரம், ஆகவே தேர்தலை நிறுத்திவிட்டு இன்னும் இரண்டு வருடம் தானே தொடர்வதாகத் தீர்மானம்.

நெருக்கடி என்ற சொல் காதில் விழுந்ததுமே நான் எதிர்க்கட்சியைப் பார்த்தேன். அவர் விசாவின் கெடு முடிகிற நேரம். தலைவர் கையெழுத்துப் போட்டால் இருப்பு, போடாவிட்டால் மகள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான். "இன்னிக்கு மட்டும் வாயைத் திறக்காதீங்க" என்று ஆளுங்கட்சி காரில் வரும்போதே சத்தியம் வாங்கியிருந்தாள்.

ஆதரித்துக் கைகள் எழுந்தன. என் வீட்டுக்காரர் கையும்தான். "எதிர்ப்பவர்கள்?" என்று வழக்கம்போல ஒப்புக்குக் கேட்டார் தலைவர்.

எதிர்க்கட்சி சத்தியத்தைக் காப்பாற்றினார். வாயைத் திறக்கவில்லை. கையை மட்டும் தூக்கினார்.

ஆளுங்கட்சி முகத்தை மூடிக்கொண்டாள். "ஒரு ஓட்டு எதிர்ப்பு. தீர்மானம்..." என்று தலைவர் ஆரம்பிக்க, சத்தியம் அதோடு முடிந்தது.

"சார், ஒரு மெம்பர் கேட்டு இன்னொரு மெம்பர் வழிமொழிஞ்சா ரகசிய வாக்கெடுப்பு நடத்தணும். நம்ம விதியில இருக்கு. நான் கேக்கறேன்."

"ஓகே. யார் வழிமொழியறீங்க?" தலைவர் மறுபடி அந்தச் சுற்றுப் பார்வையைப் பார்த்தார்.

ஒருவரும் அசையவில்லை. எதிர்க்கட்சி யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது. என் வீட்டுக்காரர் ஆபத்தை மோப்பம் பிடித்து என் காலை மிதித்தார். மிதித்த வேகத்தில் நான் எழுந்தே விட்டேன். எழுந்த பிறகு என்ன செய்வது? "நான் வழிமொழியறேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மைக்கில் இரண்டாம் தடவை சொல்ல வைத்தார்கள்.

அடுத்த சிக்கல், சீட்டு. வாராவாரம் வேலை நேரம் எழுதித் தரும் டைம்ஷீட்டைப் பார்த்துப் பார்த்து எங்களில் பாதிப் பேர் கையெழுத்து தலைவருக்கு மனப்பாடம். சீட்டில் ஒரு சுழி போட்டாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். யாரும் பேனாவைத் தொடத் தயாரில்லை.

"எழுதவே வேணாம்" என்றார் எதிர்க்கட்சி. "வெள்ளைக் கொண்டைக்கடலை ஆதரவு, கறுப்புக் கொண்டைக்கடலை எதிர்ப்பு. ஆளுக்கு ரெண்டையும் ஒவ்வொண்ணு குடுங்க. ஒண்ணைக் குடத்துல போடணும். இன்னொண்ணை அங்கேயே தின்னுடணும். எவிடென்ஸ் வயித்துக்குள்ள போயிடும். சோழர் காலத்துலயே குடத்துல ஓலை போட்ட பரம்பரைங்க நாம, கடலை போட மாட்டோமா?"

இரண்டு சுண்டலும் வெந்து தயாராக இருந்தன. சமையலறைக் கதவுக்குப் பின்னால் பித்தளைக் குடம் வைத்தோம். எண்ணுவதற்கு, வழிமொழிந்த பாவத்துக்கு நான், தலைவர் தரப்பில் அவர் மனைவி. ஒவ்வொருவராக உள்ளே போய், மென்றுகொண்டே வெளியே வந்தார்கள். முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியாது. ஆடிட்டர் மாமா ஒருவர் காலையிலிருந்து பட்டினி போலிருக்கிறது, பசியில் இரண்டையும் தின்றுவிட்டு வந்து நின்றார். செல்லாத ஓட்டு என்று எதிர்க்கட்சி தீர்ப்பளித்தார். இன்னொரு ஓட்டு கேட்ட மாமாவுக்கு, எண்ணி முடிந்ததும் ஒரு தட்டுச் சுண்டல் தருவதாகச் சமாதானம் சொன்னோம்.

குடத்தைக் கவிழ்த்தோம். கறுப்பு கொட்டியது. வெள்ளையை ஒரு கைக்குள் மூடிவிடலாம். தலைவர் மனைவி அதை ஒன்றுக்கு இரண்டு தடவை எண்ணினார். முடிவைப் படித்தேன், தீர்மானம் தோற்றது. யாரும் கைதட்டவில்லை, தட்டினால் தெரிந்துவிடுமே.

திங்கட்கிழமை காலை கம்பெனியில் தலைவர் அறை வாசலில் வரிசை. "சார், நான் வெள்ளைதான் போட்டேன்." என் வீட்டுக்காரரும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அத்தனை வெள்ளைக்கடலை அந்தக் குடத்திலிருந்து விழவே இல்லை. வரிசையில் வராத ஒரே ஆள் எதிர்க்கட்சி.

அந்த வாரமே தலைவர் அவரையும் என்னையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். காபி வந்தது. எதிர்க்கட்சி மறு பேச்சில்லாமல் வாங்கிக்கொண்டபோதே எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

"குடத்துல நீங்க கலந்துட்டீங்கன்னு பேசிக்கறாங்க" என்றார் தலைவர் சாந்தமாக. "விளையாட்டுக்கு ஒரு பிடி கறுப்பு அள்ளிப் போட்டேன்னு அடுத்த மீட்டிங்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க. மறுபடி கை தூக்கி முடிச்சுடலாம். உங்க பேப்பர் என் டேபிள்லதான் இருக்கு. அன்னிக்கே சைன் பண்ணிடறேன்."

எதிர்க்கட்சி டம்ளரைக் கீழே வைத்தார். அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான். "என் பொண்ணு மூணாங்கிளாஸ் சார்" என்றார். சொல்லிவிடுங்கள் சார், சங்கமாவது மண்ணாங்கட்டியாவது என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

"அது நான் போட்ட ஓட்டா இருந்தா வாபஸ் வாங்கிக்குவேன். ஊர்ல இருக்கறவங்க போட்டது. அதை நான் எப்படி சார் பொய்னு சொல்றது?"

"அப்ப கலக்கலைன்னு யார் சாட்சி?"

"நான் சாட்சி" என்று பின்னாலிருந்து ஒரு குரல். முறுக்குத் தட்டோடு நின்றிருந்த தலைவர் மனைவி. "நானும்தானே எண்ணினேன். எண்ணிக்கை சரிதாங்க. அதுல ஒரு கறுப்பு நான் போட்டது."

தலைவர் திரும்பி அவரைப் பார்த்தார். அந்தச் சுற்றுப் பார்வை இல்லை அது, வேறு. அம்மாள் முறுக்குத் தட்டை மேஜையில் வைத்துவிட்டு, கைகளை முந்தானையில் சுற்றிக்கொண்டார். நாங்கள் செருப்பைத் தேடிக் கிளம்பிவிட்டோம்.

தேர்தல் நடந்தது. தலைவரே நின்றார், வேறு ஒருவர் ஜெயித்தார். ஆனால் எதிர்க்கட்சியின் பேப்பர் மேஜையிலேயே தூங்கியது. கெடு நெருங்கியபோது ஹூஸ்டனில் ஒரு கம்பெனி விசாவைப் புதுப்பித்து அவரை எடுத்துக்கொண்டது. கிரீன் கார்டு வரிசையில் மறுபடி கடைசி ஆளாகப் போய் நிற்க வேண்டும்.

சாமான்களை வண்டியில் ஏற்றிய சனிக்கிழமை பட்டப்பகலில் சங்கமே பார்க்கிங் லாட்டில் நின்றது. திங்கட்கிழமை வரிசையில் நின்ற அதே ஆட்கள், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று சோபாவையும் கிரைண்டரையும் தூக்கினார்கள். தலைவர் மனைவி புளியோதரை கட்டிக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரர் கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். எதிர்க்கட்சியோ கட்டிலைக் குறுக்காக ஏற்றக் கூடாது, நெடுக்காகத்தான் ஏற்ற வேண்டும் என்று கடைசிவரை வாதாடிக்கொண்டிருந்தார்.

ஹூஸ்டன்காரர்களே, அவர் உங்களைப் படுத்துவார், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் அந்த மாதிரி ஒருத்தர்தான் இருந்தார்.