விஷயம் பதின்மூன்றாம் பக்கத்தில்

மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது.

இங்கே நான், உங்களுக்குத் தங்கச்சி முறையான என் மனைவி, மகள் மூவரும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே நீங்களும் அக்காவும் அதேபோல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? கண்ணாடி மாற்றினீர்களா? மாடிக்குழாய் சொட்டுகிறது என்று அக்கா போனில் சொன்னாளே, ஆள் வந்தானா? இதையெல்லாம் விசாரிக்காமல் எடுத்த எடுப்பில் சொந்தக் கதையைத் தொடங்கும் வழக்கம் நம் குடும்பத்தில் கிடையாது. அந்த வழக்கம்தான் என் மகள் படிப்புக்கே உலை வைக்கப் பார்த்தது.

உங்களுக்குத் தெரியும், நான் இருபத்தாறு வருடமாக லிஃப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் பதில் கடிதம் எழுதுகிறவன். லிஃப்ட் ஓடாது என்பதை, 'ஓடாது' என்ற சொல்லே வராமல் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதுவேன்; படித்தவர் ஆறு மாடி ஏறிக்கொண்டே எனக்கு நன்றி சொல்வார். அந்த ரத்தம்தானே அவளுக்கும்? கல்லூரியில் கடைசி வருடக் கட்டுரைக்கு, 'லிஃப்டில் போகிறவர்கள் ஏன் ஒருவரோடொருவர் பேசுவதில்லை' என்று தலைப்பு எடுத்து, பதினான்கு பக்கம் எழுதினாள். முதல் பக்கம் முழுக்க, இதைப் பற்றி எழுதத் தனக்கு என்ன தகுதி இருக்கிறது, எத்தனை பேரிடம் கேட்காமல் விட்டாள், எங்கெங்கே தப்பு இருக்கலாம், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரே மன்றாட்டு. இரண்டாம் பக்கம் எல்லோருக்கும் நன்றி. மூன்றில் படிக்கட்டு வருகிறது, ஏழில் மனிதன் இரண்டு காலில் நிற்கக் கற்றுக்கொள்கிறான், விஷயம் பதின்மூன்றாம் பக்கத்தின் அடியில் கூச்சப்பட்டுக்கொண்டு நிற்கிறது. என்ன அடக்கம் என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவளுடைய பேராசிரியைக்கும் கலங்கியிருக்கும், வேறு காரணத்துக்காக. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் 'விஷயம் எங்கே?' என்று எழுதி, பதினோராம் பக்கத்தில் 'நான் இன்னும் காத்திருக்கிறேன்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். இவள் உடனே, காக்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டு முன்னால் இரண்டு பக்கம் சேர்த்துக் கொடுத்தாள். அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவது தடவையும் திரும்பினால் அந்த வருடம் முழுக்க வீண், மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

பேராசிரியை என்னையும் என் மனைவியையும் கூப்பிட்டு அனுப்பினார். சுவர் முழுக்கக் கட்டுக்கட்டாகக் கட்டுரைகள், நடுவில் சின்னதாக அந்த அம்மாள். "உங்க பொண்ணு தப்பா எழுதலைங்க. ஒவ்வொரு பிள்ளையும் அவங்கவங்க வீட்டுப் பேச்சைத்தான் தாள்ல எழுதுது. ஒரு பையன் வீட்ல பெரியவங்க முன்னால வாயைத் திறக்கக் கூடாதாம். அவன் கட்டுரை பூரா மத்தவங்க சொன்னதுதான், அவனோடதுன்னு பேரு மட்டும்தான் இருக்கு. இன்னொரு பொண்ணு வீட்ல எல்லாரும் ஒரே நேரத்துல கத்துவாங்களாம். அவ முதல் வரியிலேயே என்னோட சண்டைக்கு வர்றா. உங்க வீட்ல எப்படிப் பேசுவீங்க?" என்று கேட்டார். "அதை ஏன் கேக்குறீங்க, எங்க கல்யாணம் ஆன புதுசுல..." என்று என் மனைவி ஆரம்பித்தாள். இருபது நிமிடம் கழித்து அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "புரிஞ்சுபோச்சு" என்றார். இரண்டு வாரம் வீட்டில் எல்லோரும் விஷயத்தை முதலில் சொல்லி, அப்புறம் காரணம், அப்புறம் ஆதாரம் என்று பேசிப் பழக வேண்டுமாம். "பார்க்கலாங்க" என்றோம். நம் வீட்டில் பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம், அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

மகள் அதை அட்டையில் எழுதி அடுப்படியில் மாட்டிவிட்டாள். அன்று மத்தியானம் நான், "சாப்பாடு நல்லா இல்லை" என்றேன். காரணம் என்ன என்றாள் மனைவி. உப்பு அதிகம் என்றேன். ஆதாரம் கேட்டாள். அப்போதுதான் குடித்த மூன்று டம்ளர் தண்ணீரைக் காட்டினேன். அதோடு இரண்டு நாள் நான் சமைத்தேன். அடுத்த நாள் அவள் தம்பி பெட்டியோடு வந்து நின்றான். வாசலிலேயே, "எப்படா கிளம்புற? ஒரு பாத்ரூம்தான் இருக்கு. போன தடவை நீ உள்ள போனா வர ஒரு மணி நேரம் ஆச்சு" என்றாள், மூன்றையும் வரிசை மாறாமல். அவன் பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை, அப்படியே திரும்பிப் போய்விட்டான். நான் ஆபீஸில் ஒரு ஓட்டல்காரருக்கு, 'உங்கள் லிஃப்ட் இந்த மாதம் ஓடாது. எங்களிடம் சாமான் இல்லை. கிடங்கைத் திறந்து நானே பார்த்தேன்' என்று எழுதிப்போட்டேன். மனுஷன் நேரிலேயே வந்துவிட்டார் அத்தான்! இத்தனை வருடத்தில் தனக்குப் புரிந்த முதல் கடிதம் இதுதான் என்று என்னைக் கட்டிப்பிடித்தார். பிடித்த கையோடு மேலே போய் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டார். மேனேஜர் என்னை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, என் உடல்நலம், மழை, உலக நிலவரம் எல்லாம் பேசி, முக்கால் மணி நேரம் கழித்து என்னைக் கிடங்குக்கு மாற்றியிருப்பதாகச் சொன்னார். இப்போது அங்கே, இல்லாத சாமானுக்குக் காவல் இருக்கிறேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும். மாடி வீட்டு அம்மா தினமும் சாயங்காலம் வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசி, கிளம்பும்போது "அந்த ஏணி கொஞ்சம்..." என்று இழுப்பாங்களே, எட்டு வருஷமா நடக்குறது. அன்னைக்கு அவங்க வாயைத் திறக்குறதுக்குள்ள என் பொண்ணு, "ஏணிதானே அத்தை? எடுத்துக்கோங்க" என்று கையில் கொடுத்துவிட்டாள். அந்த அம்மா முகம் சுண்டிப்போச்சு. "நான் ஏணிக்காகவா வந்தேன்?" என்று கேட்டுவிட்டு மேலே போனவங்கதான், அப்புறம் வரவே இல்லை. சொந்தமா ஒரு ஏணி வாங்கிட்டாங்க. தினமும் அதைத் தூக்கிக்கிட்டு எங்க வாசல் வழியா மேலே போறாங்க, கீழே வர்றாங்க, திரும்பிக்கூடப் பார்க்குறதில்லை. எனக்கு மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இவ்வளவு பாடுபட்டதில் மகள் மட்டும் நன்றாகத் தேறினாள், ரொம்பவே தேறிவிட்டாள். புதுக் கட்டுரையை ஒரே வரியில் முடித்துவிட்டாள்: 'லிஃப்டில் யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் பேச்சை ஆரம்பிப்பதற்குள் மாடி வந்துவிடும்.' அதற்கு மேல் பேனா நகரவில்லை. நாலு நாள் வெள்ளைத்தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கெடு வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை, "விஷயத்தை முதல்லயே சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்குப்பா?" என்று தேம்பித் தேம்பி அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. பழைய கட்டுரையின் சிவப்பு மை படாத பிரதியை வாங்கினேன், மன்னிப்புக் கேட்ட அந்த இரண்டு பக்கத்தையும் உருவிப் போட்டேன், மீதிப் பதினான்கு பக்கத்தையும் அப்படியே தலைகீழாக அடுக்கினேன். கடைசிப் பக்கம் முதலில், முதல் பக்கம் கடைசியில். பக்க எண்ணை மாற்றிப்போட்டு, பின் அடித்து, "இந்தா, இப்போ விஷயம் முன்னாடி வந்துடுச்சு. கொண்டு போய்க் கொடு" என்றேன். மனிதன் நடுவில் நாலு காலுக்குத் திரும்பிவிடுகிறான், அதற்கு நான் என்ன செய்ய முடியும்? பயந்துகொண்டே கொடுத்துவிட்டு வந்தாள். திங்கட்கிழமை முடிவு என்றார்கள். நடுவில் இரண்டு நாளும் அவள் சாப்பிட்ட சாப்பாட்டைச் சாப்பாடு என்று சொல்ல முடியாது.

ஆகவே அத்தான், இந்தக் கடிதம் கண்டதும் நீங்கள் உடனே புறப்பட்டு வர வேண்டும். அந்தப் பேராசிரியை அம்மாளிடம் பேசுவதற்கு நம் குடும்பத்தில் உங்களை விட்டால் ஆள் கிடையாது. நீங்கள் நிதானமாக இரண்டு மணி நேரம் பேசினால் எதற்காக வந்தீர்கள் என்பதே அவருக்கு மறந்துபோகும், நம் பிள்ளையும் பிழைத்துக்கொள்வாள். ஒரு வருடம் போனால் அவள் மனசு உடைந்துவிடும், என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் வீட்டுக்கு எந்தக் குறையும் வராமல் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்

பின்குறிப்பு: நீங்கள் வர வேண்டாம். அவள் பாஸாகிவிட்டாள். முடிவு இன்று காலையிலேயே வந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன்; எழுத எழுத அந்த இரண்டு நாள் பயம் திரும்பி வந்து, கை உங்களைக் கூப்பிட்டுவிட்டது. கடைசிப் பக்கத்து மன்றாட்டின் கீழே அந்த அம்மாள், 'தன் ஆய்வின் குறைகளை இத்தனை நேர்மையாக ஒப்புக்கொண்ட மாணவியை நான் இதுவரை கண்டதில்லை' என்று எழுதியிருக்கிறார், அதே சிவப்பு மையில். மகள் இப்போது தோளுக்குப் பின்னால் நின்று, "இதை முதல் வரியிலேயே மாமாவுக்கு எழுதியிருக்கலாமேப்பா?" என்கிறாள். எழுதியிருந்தால் மீதியை நீங்கள் படித்திருப்பீர்களா அத்தான்?