மேலாளர் அறை நீங்கலாக

திருவொற்றியூர்,
புதன்கிழமை.

அன்புள்ள மருமகள் டெபோராவுக்கு, அம்புரோஸ் மாமா எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே அனைவரும் நலம், என்னைத் தவிர. பெங்களூரில் நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? உன் அத்தை ஜானட் என் போனைத் துருவுகிறவள் என்பதால் இதைத் தபாலில் அனுப்புகிறேன்.

எங்கள் கண்டெய்னர் யார்டில் லாரிகள் ஏன் இவ்வளவு நேரம் காத்துக் கிடக்கின்றன என்று டேட்டா அனலிடிக்ஸ் செய்து கண்டுபிடிக்கப் போகிறார்களாம். அதற்கு முதலில் புராஜெக்ட் சார்ட்டர், அதாவது ஆய்வின் எல்லையை வரையறுக்கும் பத்திரம், வேண்டுமாம். கோயில் திருவிழா நோட்டீஸ் எழுதுகிறவன் என்பதால், மேலாளர் செல்வநாதன் சார் அதை என் தலையில் கட்டினார். நீ போனில் சொன்னபடியே எழுதினேன்: கேள்வி என்ன, எந்த விவரங்களைப் பார்ப்பது, எதைத் தொடக்கூடாது, விடை வந்தால் என்ன செய்வது. விடை வந்தால், "தாமதத்துக்குக் காரணமானவர் கொடுங்கையூர் கிடங்குக்கு மாற்றப்படுவார்" என்று வீரமாக எழுதிவிட்டேன். எடைமேடையில் லாரிகளை எடை போடும் தாமோதரனை மனதில் வைத்துத்தான். தொடக்கூடாதது என்ற இடம் காலியாக இருந்தது. காலியாக விட்டால் நன்றாயிருக்காதே என்று, ஒரு மரியாதைக்கு, "மேலாளர் அறை" என்று போட்டேன். சாரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். லாரியை உள்ளே விட, அனுமதிச் சீட்டில் சார் கையெழுத்து வேண்டும். சார் வருவதே வெயில் ஏறிய பிறகு; வந்தால் டீ, பேப்பர், போன். அதுவரை லாரிகள் நிற்பது என் பொறுப்பிலுள்ள கேட்டில். ஆராய்ச்சிக்கு வந்திருக்கும் எழில்மொழி, வியாசர்பாடிப் பெண், கெட்டிக்காரி, தாமதமெல்லாம் கேட்டில்தான் என்கிறாள். சீட்டு சார் மேஜையில் தூங்குகிறதம்மா என்றேன்.

"அங்கிள், அந்த ரூமாண்ட போவக்கூடாதுன்னு நீங்கதான எய்திக்கீறீங்க" என்றாள்.

அப்படியானால் அறிக்கையில் தாமதத்துக்குக் காரணமானவர் நான்தான். போகும்போதும் வரும்போதும் தாமோதரன், "இன்னா நைனா, மூட்டை கட்டிட்டியா?" என்கிறான். எனக்கு இருக்கிற மூச்சிழுப்புக்குக் கொடுங்கையூர் குப்பைப் புகை ஒத்துவருமா, நீயே சொல். சாரிடம் நேரில் கேட்கவும் பயமாக இருக்கிறது. திங்கட்கிழமை அறிக்கை கொடுத்துவிடுவார்கள். கையெழுத்தான சார்ட்டரிலிருந்து ஒரு வரியை, அந்த மேலாளர் அறை வரியை மட்டும், எடுக்க வழியிருந்தால் உடனே சொல்லம்மா. நீ படித்த படிப்பு இந்த மாமனுக்கும் கொஞ்சம் உதவட்டும்.

உனக்கும் மாப்பிள்ளை திலீப்புக்கும் சகல ஆசியும் வேண்டிக்கொள்ளும்,
மாமா அம்புரோஸ்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் தலைமை அலுவலக உத்தரவு வந்துவிட்டது. செல்வநாதன் சாருக்குப் பதவி உயர்வு, நாளையே கிளம்புகிறார். புது ஆள் வரும்வரை மேலாளர் பொறுப்பு எனக்கு, கேட்டுக்குத் தாமோதரன். அந்த வரி இருந்துவிட்டுப் போகட்டும்.