எட்டு வாட் டியூபும் என்னைப் பெண் பார்த்த மாலையும்

மின்சாரம் படித்தவர்களிடம் வீட்டு விளக்கை மட்டும் ஒப்படைக்கக் கூடாது. நானே எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்தவள் என்பதால் இதை அடித்துச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், திருவண்ணாமலையில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளைக்குக் கீழ்பென்னாத்தூர். அம்மாவோடும் அக்காவோடும் மாலையில் வருகிறார். மாலையானால் எங்கள் தெருவில் கரண்ட் போய்விடும் என்பதால் அப்பா ஒரு எமர்ஜென்சி லைட் வாங்கி வைத்திருந்தார். (ஆயுத பூஜைக்கு அதற்கும் குங்குமம் உண்டு.) அன்று காலை பார்த்து அதிலிருந்த சின்ன டியூப், இரண்டு முனையும் கறுத்து உயிரை விட்டது.

"பழச எடுத்துக்குனு போய்க் காட்டி வாங்கியாம்மா," என்றார் அப்பா.

"எலெக்ட்ரிக்கல் படிச்சவ டியூபத் தூக்கிக்குனு கடைக்குப் போவாளாப்பா?" என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு கிளம்பினேன்.

கடைக்காரர், "ஆறு வாட்டா, எட்டு வாட்டாங்க?" என்றார்.

இந்தக் கேள்வி எங்கள் பாடத்தில் வந்ததே இல்லை. "எட்டே குடுங்க. வெளிச்சம் ஜாஸ்தியா இருக்கட்டும்," என்றேன்.

வீட்டுக்கு வந்து மாட்டினால், பின் சரி, தடிமன் சரி, நீளம் மட்டும் நாலு விரற்கடை அதிகம். திரும்பிப் போய் மாற்றியிருக்கலாம். ஆனால் அப்பா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டி அந்த டியூபோடு போக என் டிப்ளமோ இடம் கொடுக்கவில்லை. அடுப்பில் கத்தியைக் காய்ச்சி, விளக்கின் பிளாஸ்டிக் பக்கத்தை அறுத்துத் திறந்தேன்.

"கேசரி தீயுதா பாருடி," என்று அம்மா கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

உள்ளே இருந்த ஹோல்டரை ஒயரோடு வெளியே இழுத்து டியூபின் முனையில் செருகி, சிவப்பு ரிப்பனால் இழுத்துக் கட்டினேன். ஸ்விட்சைப் போட்டேன், எரிந்தது. மின்விளக்கைக் கண்டுபிடித்தவளே நான்தான் என்று நினைத்துக்கொண்டு, அப்பா கண்ணில் படாமலிருக்க அதன் மேல் ஒரு துண்டைப் போர்த்தினேன்.

அவர்கள் வந்தார்கள். நான் காபித் தட்டோடு கூடத்துக்கு வரவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

"கவலப்படாதீங்க, லைட் இருக்குது. எம்பொண்ணே ரிப்பேர் பண்ணி வெச்சிருக்குது," என்று அப்பா பெருமையாகத் துண்டை உருவி ஸ்விட்சைப் போட்டார்.

விளக்கு கண்ணடித்தது. ஒரு வெட்டில் மாப்பிள்ளையின் அம்மா தெரிந்தார். அடுத்த வெட்டில் அவர் வாய் பிளந்திருந்தார். ரிப்பன் நழுவி டியூப் பஜ்ஜித் தட்டை நோக்கிச் சாய்ந்தது. மாப்பிள்ளை பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்தார். விளக்கு நின்று எரிந்தது. கையைத் தளர்த்தினால் அணைந்தது, இறுக்கினால் எரிந்தது.

"அப்படியே புடிச்சிக்கோடா," என்றார் அவர் அம்மா.

பிடித்துக்கொண்டே உட்கார்ந்தார். பஜ்ஜியை அக்கா ஊட்டினார். மூக்கு அரித்தபோது அதையும் அக்காதான் கவனித்தார். வெளிச்சம் நேராக முகத்தில் அடித்ததால் மாப்பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை. நாங்கள்தான் அவரை ஆற அமரப் பார்த்தோம். (காதோரம் ஒரு மச்சம். லட்சணமான மச்சம்.) அப்பா மட்டும் அந்த ரிப்பனையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தச் சம்பந்தம் போய்விட்டது என்றே முடிவு கட்டினேன்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா, "ஏன்டா, பொண்ணு புடிச்சிருக்குதா?" என்று கேட்டார்.

"மொதல்ல யாராவது வந்து இதப் புடிங்கம்மா," என்றார் அவர்.

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் சிரிக்கக் கூடாது. நான் தட்டிலிருந்த காபி தளும்பச் சிரித்தேன். அவருக்கும் சிரிப்பு வந்து கை ஆட, விளக்கு அணைந்துபோனது. இருட்டில் முதலில் அவர் அம்மாவின் சிரிப்பு கேட்டது. கடைசியாக அப்பாவும் சிரித்தார்.

கல்யாணம் நடந்தது. அவர் என் முகத்தை முதன்முதலில் நிதானமாகப் பார்த்தது நிச்சயதார்த்தத்தன்றுதான். அதற்குள் தப்பிக்க வழியில்லாமல் போய்விட்டது என்று இன்றும் சொல்லித் திரிகிறார்.

இப்போது எங்கள் மகளுக்கு வரன் பார்க்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டார் வருவதாகச் சொன்னபோது, அவள் போனிலிருந்து தலை நிமிராமலே சொன்னாள்: "வர்றவரு எதப் புடிச்சிக்குனு உக்காரணும்னு முன்னாடியே சொல்லிடும்மா, பாவம்."