கதாநாயகன் ரயிலை விட்டு இறங்கும்படி ஓர் உத்தரவு

இந்தக் கதையில் வயிறு வலிக்கச் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது. இப்போது இல்லை. அதற்கு முன்னால் ஒரு கோப்பைத் தாண்டியாக வேண்டும். அலுவலகம் சம்பந்தப்பட்ட எதுவும் அப்படித்தான் கிடைக்கும்.

என் அப்பா தியேட்டர் ஆபரேட்டர். ஞாயிறு மதியம் எங்கள் தியேட்டரில் இருபத்தொன்பது வருடமாக ஒரே படம், பழைய காதல் படம். கடைசியில் கதாநாயகன் ரயில் வாசலில் நமக்கு முதுகைக் காட்டி நிற்பான். கதாநாயகி பிளாட்பாரத்தில் ஓடிவந்து கூப்பிடுவாள். அவனுக்குக் கேட்காது. ரயில் போய்விடும். முற்றும். கூட்டம் மூக்கைச் சிந்திக்கொண்டே வெளியே போகும், அடுத்த ஞாயிறு திரும்ப வரும். கைப்பேசியிலேயே கிடைக்கிற படம்தான். ஆனாலும் வரும். மற்ற நாட்களில் நாங்கள் நாற்காலிகளுக்குத்தான் படம் காட்டுகிறோம்.

இந்த நிலையில், அனுமதி வழங்கும் அலுவலகத்தில் நிலுவை ஒழிப்பு மாதம் பிறந்தது. அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு மனு கிடைத்தது. யாரோ ஒரு ரசிகர் அந்தக் காலத்தில் அழுத வேகத்தில் எழுதிப் போட்டது: ‘மேற்படி படத்தில் மேற்படி இருவரையும் சேர்த்து வைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ அதற்கு யாரும் பதில் போடவில்லை. மனு நிலுவையில் இருந்தால் லைசென்ஸ் புதுப்பிக்க முடியாது. விதி அப்படி.

விசாரிக்க வந்த அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் முத்திரை. வாழ்நாளில் சினிமா பார்த்ததில்லை என்பதைப் பட்டம் வாங்கியதுபோல் சொல்லிக்கொள்வார்.

“சார், அது சினிமா” என்றார் தியேட்டர் முதலாளி.

“சினிமாவுக்கு விதிவிலக்குன்னு எங்கே போட்டிருக்கு?”

“அவங்க பிரிஞ்சே இருபத்தொன்பது வருஷம் ஆச்சு, சார்.”

“அதைத்தான் நானும் சொல்றேன். ரொம்பத் தாமதம்.”

நடித்தவர்கள் இருவரும் இப்போது உயிரோடு இல்லை என்று முதலாளி கையைப் பிசைந்தார். முத்திரை யோசித்தார். வாரிசுகளைச் சேர்த்து வைக்க இயலுமா என்று கேட்டார். வாரிசுகளுக்கும் கல்யாணமாகிப் பிள்ளை குட்டி ஆகிவிட்டது என்று தெரிந்ததும் வருத்தத்துடன் குறித்துக்கொண்டார். வியாழன் காலை பத்து மணிக்கு நேரில் ஆய்வு. சேர்ந்தால் கோப்பு முடியும். சேராவிட்டால் தியேட்டர் முடியும்.

அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த மெஷினைத் தவிர அவருக்கு வேறு வேலை தெரியாது. எனக்கோ எல்லார் குரலும் வரும். தலைமையாசிரியை குரலில் பள்ளிக்கூடத்துக்கே அரைநாள் லீவு விட்டவள் நான். ஆபரேட்டர் அறையில் ஒரு மைக் உண்டு, ‘வெள்ளைக் கார் வழியில் நிக்குது, எடுங்க’ என்று சொல்வதற்கு.

வியாழன் காலி அரங்கில் முத்திரை நடுநாயகமாக உட்கார்ந்து, மடியில் கோப்போடு படம் பார்த்தார். கடைசிக் காட்சி வந்தது. அவள் ஓடினாள், கூப்பிட்டாள். முதுகு காட்டி நின்றவனுடைய குரலில் நான் மைக்கில் சொன்னேன்: “அழாதே. அடுத்த ஸ்டேஷன்ல இறங்கித் திரும்பி வர்றேன். அங்கேயே நில்லு.”

விளக்கு எரிந்தது. முத்திரை எழுந்திருக்கவில்லை. அடுத்த ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று கேட்டார். போக வர இருபது நிமிஷம் இருக்கும் என்று முதலாளி வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார். முத்திரை கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, வெள்ளைத் திரைக்கு எதிரே சரியாக இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுதினார்: ‘கதாநாயகன் வந்து சேர்ந்திருப்பார் எனக் கருத இடமுள்ளது. மனு முடிக்கப்பட்டது.’ கோப்பில் ரப்பர் முத்திரை விழுந்தது. லைசென்ஸும் வந்தது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவியோடு டிக்கெட் எடுத்து வந்துவிட்டார். அந்த அம்மா படத்தை எத்தனையோ தடவை பார்த்து அழுதவர். “இந்தத் தடவை கைக்குட்டை வேண்டாம், நானே ஆர்டர் போட்டிருக்கேன்” என்று மனைவியிடம் சொன்னது போதாதென்று, முன்வரிசை பின்வரிசை எல்லோருக்கும் சொல்லி வைத்தார்.

கடைசிக் காட்சி. அவள் ஓடினாள், கூப்பிட்டாள். அரங்கு நிறைய ஆள். நான் வாயே திறக்கவில்லை. ரயில் நகர்ந்தது. முத்திரை எழுந்து நின்றார்.

“யோவ், இறங்குய்யா. ஆர்டர் இருக்கு.”

நான் சொன்ன இடம் இதுதான். சிரிக்கலாம். அரங்கில்தான் யாரும் சிரிக்கவில்லை. அத்தனை தடவை பார்த்த அத்தனை பேரும் நாற்காலி நுனிக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். அரசாங்க உத்தரவாயிற்றே, ஒருவேளை இறங்கிவிட்டால்? தினம் ஃபிலிமைத் தொட்டுச் சுற்றுகிற என் அப்பாகூட எட்டிப் பார்த்தார்.

அவன் இறங்கவில்லை. முற்றும்.

முத்திரை கன்னத்தைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பி, மேலே எங்கள் அறையின் சின்னச் சன்னலைப் பார்த்தார்.

“ஆபரேட்டர்,” என்றார், “அன்னிக்கு இறங்கறேன்னு சொன்னது யாரு?”

அரங்கு மொத்தமும் திரும்பி, சன்னலில் நின்ற என்னைப் பார்த்தது. ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. அப்படியானால் இன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்றுதான் அத்தனை முகங்களும் கேட்டன. முத்திரையின் முகமும்தான்.