ஒண்ணாங்கிளாஸுக்குக் கம்பளம்

“மேடம், எழுந்திருங்க. எல்லாரும் பாக்கறாங்க” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் ஆதிகேசவன்.

மனோரமா எழுந்திருக்கவில்லை. ஆம்பூரில் முந்நூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை, ஐம்பத்திரண்டு வயதுக்காரர், வேலூர்க் கம்பளக் கடையின் நட்டநடுவில் முட்டி போட்டு, இரண்டு கைகளையும் ஊன்றி, விரித்துப் போட்ட தென்னைநார் விரிப்பின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

ஆதிகேசவன் அந்தப் பள்ளிக்கூடத்து கிளார்க். பதினெட்டு வருஷமாக அந்த அம்மாளிடம் வேலை பார்க்கிறார். அவர் சிரிப்பதைப் பார்த்திருக்கிறார், திட்டுவதைப் பார்த்திருக்கிறார். தவழ்வதைப் பார்த்ததில்லை.

எல்லாம் போன மாதம் ஆரம்பித்தது. அது 1979 ஏப்ரல். ஒண்ணாம் வகுப்பின் தரை முழுக்கக் கம்பளம் போட வேண்டும் என்று மனோரமா எழுதிக் கொடுக்க, தோல் தொழிற்சாலை முதலாளியும் பள்ளியின் தாளாளருமான அப்துல் வஹாப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“எதுக்கு டீச்சரம்மா?”

“சத்தம் கம்மியாகும் சார்.”

“ஒண்ணாங்கிளாஸ்ல சத்தம் இல்லன்னா அது இன்னா ஸ்கூலு?”

ஆனால் மனோரமா ஒன்றைக் கேட்டால் மூன்றாவது தடவை யாராலும் மறுக்க முடியாது. “ஒரு ரூம். ஒரே ஒரு ரூம்” என்று தாளாளர் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஒரு ரூமுக்காகத்தான் இந்தக் கடை. முதலில் ஜமக்காளம் விரித்தார்கள். மனோரமா அதன் மேல் நாலடி தவழ, அது சுருண்டு கூடவே வந்தது. “வேணாம்” என்றார். இப்போது தென்னைநார்.

கடைக்காரர் வாஹித் பாஷா மெதுவாகப் பக்கத்தில் வந்தார். “இன்னா சார், அம்மா எதையாவது தொலைச்சுட்டாங்களா?”

ஆதிகேசவனுக்கு அது தெய்வமே நீட்டிய கை மாதிரி இருந்தது. “ஆமா பாய். கம்மல்.”

வாஹித் பாஷா ரொம்ப நல்ல மனிதர். அதுதான் வினை. “அடடா!” என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் முட்டி போட்டார். துணைக்கு இரண்டு வாடிக்கையாளர்கள் இறங்கினார்கள். மூட்டை தூக்குகிற செங்கல்வராயன் சுவரோரம் நின்ற கம்பளச் சுருள்களை ஒவ்வொன்றாக நகர்த்தினார்.

மனோரமா கோடியைத் தொட்டுத் திரும்பியபோது, எதிரே மூன்று ஆண்கள் தவழ்ந்து வந்துகொண்டிருந்தார்கள்.

“இவங்கல்லாம் என்ன பண்றாங்க?”

“உங்க கம்மலத் தேடறாங்க மேடம்.”

“எந்தக் கம்மல்?”

வாஹித் பாஷா தலையைத் தூக்கிப் பார்த்தார். “ரெண்டு காதுலயும் இருக்குதே?”

“அது வேற ஜோடி பாய். தொலைஞ்சது கைப்பைல இருந்தது.”

உடனே ஒரு வாடிக்கையாளர் கைப்பையைக் கொட்டிப் பார்க்கச் சொன்னார். மனோரமா ஆதிகேசவனைப் பார்த்த பார்வையில் அவர் இரண்டு வருஷ இன்கிரிமெண்டை இழந்தது போல உணர்ந்தார்.

அதற்குள் செங்கல்வராயன் கத்தினார். “கெடச்சிடுச்சு!”

அவர் விரல் நுனியில் மின்னியது கம்மல் இல்லை. மூக்குத்தி. வாஹித் பாஷா அதை வாங்கிப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “யா அல்லா! இது எங்க சைராவோடது. இது காணாமப் போனதுலேர்ந்து எட்டு மாசமா ஊட்ல ஒரே பேஜார்.”

கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து அவர் மனைவி சைரா ஓடிவந்தார். மூக்குத்தியைப் பார்த்ததும் மனோரமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம், அதுவரை யாரும் கேட்காததைக் கேட்டார்.

“உங்களுக்கு எப்படிப்பட்டது வேணும்க்கா?”

“முட்டி தேயக் கூடாது. உள்ளங்கைல குத்தக் கூடாது. மடிப்பு விழக் கூடாது.”

சைரா வேறு கேள்வி கேட்கவில்லை. அவரும் முந்தானையைச் செருகிக்கொண்டு முட்டி போட்டார். இரண்டு பெண்களும் அரைமணி நேரம் கடை முழுக்கத் தவழ்ந்து, குட்டை முடி வைத்த காப்பிக்கொட்டை நிறக் கம்பளம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆதிகேசவன் வாசலில் திரும்பி நின்று, பஸ் வருகிறதா என்று பார்ப்பது போலத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அவர்களுக்கு முந்தின பஸ்ஸிலேயே சேதி ஆம்பூர் போய்விட்டது. மறுநாள் தாளாளர் ஆதிகேசவனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“டீச்சரம்மா கம்மல் தொலைஞ்சுடுச்சாமே? ஸ்கூல் வேலையாப் போன எடத்துல போயிருக்குது. புதுசு நான் வாங்கித் தர்றேன்.”

ஆதிகேசவனுக்கு வேர்த்தது. “வேணாம் சாஹிப். கெடச்சிடுச்சு.”

“எங்க?”

“காதுல.”

தாளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “ஆதிகேசவன், உடம்பைப் பாத்துக்குங்க. நாலு நாள் லீவு வேணும்னா எடுத்துக்குங்க.”

லீவு எடுக்க மனோரமா விடவில்லை. கொத்தனாரைக் கூட்டிவந்து வகுப்பு வாசற்படியை இடித்துச் சரிவாக்கினார். மிச்சமிருந்த துண்டுகளை வராண்டாவில் தண்ணீர்க் குழாய் வரைக்கும் போடச் சொன்னார்.

“வராண்டாவுக்குமா மேடம்?”

“அங்கயும் தரைதானே இருக்கு?”

கடைசி ஆணி அடித்து ஆட்கள் போனதும், அந்த அம்மாள் மறுபடி முட்டி போட்டு வராண்டாவில் தொடங்கி வகுப்பின் நாலு மூலையும் போய் வந்தார். நிமிர்ந்து மூச்சு வாங்கினார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். “நல்லாயிருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆதிகேசவன் கதவைப் பூட்டப் போனார். என்ன தோன்றியதோ, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவரும் முட்டி போட்டார். பாதி தூரத்தில் உள்ளங்கையில் சுருக்கென்றது. சரியாக இறங்காத ஆணி ஒன்று. சுத்தியலைத் தேடி எடுத்துவந்து அதைத் தட்டி இறக்கினார். எதற்கென்று தெரியாமலே, இப்படி ஒரு தரை ஜில்லாவிலேயே இருக்காது என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. ஒண்ணாம் வகுப்பில் சேரவந்த கூட்டத்தில், ஷூ கம்பெனியில் வேலை செய்யும் கங்கம்மாள் தன் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றாள். ரெண்டு சடை, புதுப் பாவாடை, கையில் சிலேட்டு.

“பேரு?” என்று கேட்டார் ஆதிகேசவன்.

“பூரணி சார்.”

“ஆறு வயசுப் பொண்ணு, இன்னும் இடுப்புலயா? எறக்கி வுடும்மா, நடந்து போகட்டும்.”

கங்கம்மாள் குழந்தையை வராண்டாக் கம்பளத்தின் மேல் பதனமாக இறக்கினாள்.

“இதுக்குக் காலு வெளங்காது சார், ‘தரைய நான் பாத்துக்கறேன், ஜூன்ல கூட்டிக்கினு வா, யாரும் தூக்காம அவளே கிளாஸுக்குப் போவா’ன்னு பெரிய டீச்சர் சொல்லியிருந்தாங்க.”